கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வுக் கட்டுரையும் சிந்தாமணி பதிப்பித்த கதையும்

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த சங்க நண்பர்கள், "ஐயா, இந்தத் தடவை ஜைன காப்பியம் வேண்டாம், கல்லூரியில் படிக்கிற நம்ம பிள்ளைகளுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். நியாயம்தான். கேட்டபோதெல்லாம் சிந்தாமணியைப் பற்றியே எழுதிக் கொடுத்தவன் நான். ஆனால் பிள்ளைகளைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் அங்கேயும் சிந்தாமணிதான் வந்து நிற்கிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் பேத்தி, இங்கே கல்கத்தாவில் ஒரு கல்லூரியில் சரித்திரம் ஆனர்ஸ் இரண்டாம் ஆண்டு படித்தவள், என்னிடம் வந்தாள். இந்த ஊர்த் தமிழ் வியாபாரிகளைப் பற்றி புராஜெக்ட் எழுத வேண்டும் என்றாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். பேச்சு மட்டும் தடையில்லை. படா பஜாரில் என் சித்தப்பா ஆரணிப் பட்டு வியாபாரம் செய்த காலத்துப் பேரேடுகளும் நாள்வழிக் குறிப்புகளும் சிவப்புத் துணி அட்டையோடு என் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரம் புரட்டிக்கொண்டிருந்தாள். பிறகு 1978 செப்டம்பர் கடைசியில் ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "தாத்தா, இங்கேருந்து பதினெட்டு நாள் ஒண்ணுமே எழுதலையே, ஏன்? அப்புறம் எழுதினது வேற யாரோ கையெழுத்து மாதிரி இருக்கே?" என்று கேட்டாள்.

"அது வெள்ளம் வந்த வருஷம்மா. அதை விடு, நீ எழுதிக்கோ" என்றேன். சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் பேசினேன். மணிக்கிராமத்தார், ஐந்நூற்றுவர், சிந்தாமணியில் சீதத்தன் கப்பலேறிய கதை, எங்கள் ஜைன வணிகர் பெருமை என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். அவள் எழுதிக்கொண்டே போனாள். மறு வாரம் கொண்டுவந்த நகலையும் விட்டேனா? வாக்கியம் வாக்கியமாக மாற்றிக் கொடுத்தேன். நல்ல மார்க் வந்தது. ஆனால் நேர்முகத் தேர்வில் ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "இதில் நீயாகக் கண்டது எது?" பதில் சொல்ல முடியவில்லை என்று, லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்க வந்த இடத்தில் சிரித்துக்கொண்டே சொன்னாள். என் மேல் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அவள் கண்டது ஒன்று இருந்தது. அந்தப் பதினெட்டு நாள். அதைத்தான் நான் "விடு" என்று சொல்லி மூடிவிட்டேன்.

இப்போது கைப்பேசியில் கேட்டால் நொடியில் கட்டுரை எழுதித் தருகிற செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று பெரியவர்கள் நாம் திட்டுகிறோம். யோசித்துப் பார்த்தால், நான் அந்தப் பெண்ணுக்குச் செய்ததும் அதே வேலைதான். கொஞ்சம் மெதுவாகச் செய்தேன். நடுவில் டீ கொடுத்தேன்.

மேற்கு வங்கத்தில் 2023-24 கல்வியாண்டிலிருந்து நான்காண்டு ஆனர்ஸ் படிப்பு வந்திருக்கிறது. முதல் மூன்று ஆண்டுகளில் 75 சதவீதம் வாங்கினவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வேடு எழுதிப் பட்டம் வாங்கலாம். அதாவது எம்.ஏ.வுக்கும் அதற்கு மேலும் இருந்த சங்கதி இருபது, இருபத்தோரு வயதுப் பிள்ளைகளின் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதற்கு நாம் எப்படித் துணை செய்வது? நான் கல்லூரிப் படி ஏறியவன் இல்லை. படித்ததெல்லாம் கடை அடைத்த பிறகு. எனவே கல்லூரி முறைகளைப் பற்றிச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. தெரிந்த ஒரு புத்தகத்தை வைத்துச் சொல்கிறேன்: உ.வே.சாமிநாதையர் எழுதிய 'என் சரித்திரம்'.

இந்த நூலை நம்மில் பலர் ஏட்டுச்சுவடி தேடி அலைந்த வீரக்கதையாகப் படிக்கிறோம். ரயில், மாட்டுவண்டி, கரையான், ஆற்றில் போன சுவடி - மேடையில் பேச வசதியான சமாசாரங்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1880-ஆம் ஆண்டைப் பற்றிய பக்கங்கள். அந்த வருஷம்தான் அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்தார், வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் எல்லாம் கைவசம். அப்போது அந்த ஊருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் பட்டியலை அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று மேலும் கேட்டார். இல்லை என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கவனிக்க வேண்டியது இதற்கு அடுத்த கட்டம். முதலியார் சிந்தாமணியைப் பற்றிச் சொற்பொழிவு செய்யவில்லை. பிரதியைத் தேடிக் கொடுத்தார், பாடம் சொல்லும்படி கேட்டார். பிரதியைப் பிரித்தால் ஐயருக்கே புரியவில்லை. தமிழ் தெரிகிறது, பொருள் தெரியவில்லை. அவர் சைவக் கல்வியில் வளர்ந்தவர். நூலோ திருத்தக்கதேவர் என்னும் ஜைன முனிவர் செய்தது. பதின்மூன்று இலம்பகம், 3145 செய்யுள். ஒரு சொல்லை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பவ்யம் என்றால் பணிவு என்பது ஊர் வழக்கு. எங்கள் சமயத்தில் பவ்யன் என்றால் வீடுபேறு அடையத் தகுதியுள்ள உயிர். அந்தத் தகுதி இல்லாதது அபவ்யன். அகராதியை மட்டும் நம்பினால் தடம் மாறிப் போக வேண்டியதுதான்.

கல்லூரிப் பண்டிதர் என்ற கௌரவத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, கும்பகோணத்து ஜைனர் வீடுகளைத் தேடி ஐயர் போனார். அங்கே சிந்தாமணியைப் பாராயண நூலாக வைத்துப் படித்து, முடிகிற நாளைப் பண்டிகையாகக் கொண்டாடுகிற வழக்கம் உயிரோடு இருந்தது. சந்திரநாத செட்டியார் என்னும் ஜைனரிடம் தம் சந்தேகங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெளிந்தார். அச்சுப் புத்தகம் வந்தது 1887-ல். நடுவில் ஏழு வருஷம். மணிமேகலை 1898-ல் வந்தபோதும் இதே கதைதான். பௌத்தம் தெரிய வேண்டும். பௌத்த நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அவருக்கு ஆங்கிலம் கிடையாது. மளூர் ரங்காசாரியாரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்கிறது என்று எனக்கே தெரிகிறது. எங்கள் ஆட்கள் திண்ணையில் கட்டிக் காத்த நூல் அல்லவா! படா பஜாரில் நாற்பது வருஷமாக, "தமிழரா, ஜைனரா, இரண்டும் எப்படி?" என்று மார்வாடி நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் நான் சொல்லும் பதில் இந்தக் கதைதான். ஆகவே இதை நான் சொன்னபடியே வாங்கிக்கொள்ளக் கூடாது. 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது 1940-ல். அப்போது ஐயருக்கு 85-ஐ ஒட்டிய வயது. 1880-ல் நடந்ததை அறுபது வருஷம் கழித்து எழுதுகிறார். அதுவும் வாரப் பத்திரிகைக்கு. முதலியார் கேள்வி, ஐயரின் வெட்கம், சிந்தாமணி கைக்கு வருவது - எல்லாம் நாடகக் காட்சி மாதிரி கச்சிதமாக விழுகின்றன. நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நடந்ததற்கும் எழுதியதற்கும் நடுவே ஒரு தேர்ந்த கதைசொல்லி இருக்கிறார் என்கிறேன். 1887 பதிப்பின் முகவுரையை இதோடு பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அதில் உணர்ச்சி குறைவு. யார் யார் பிரதி தந்தார்கள், யார் உதவினார்கள் என்ற விவரம் அதிகம். கல்லூரிப் பிள்ளை ஒருவர் இந்த இரண்டையும் ஒப்பிட்டு, எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று எட்டுப் பக்கம் எழுதினால் அது ஆய்வு. 'தமிழ்த் தாத்தாவின் தமிழ்த் தொண்டு' என்று நாற்பது பக்கம் எழுதுவதை என்னவென்று சொல்ல? மலர் நிரப்பலாம். நானும் நிரப்பியிருக்கிறேன்.

எழுத்தைப் பற்றியும் அந்த நூலில் ஒரு பாடம் இருக்கிறது. சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரை பிரதிக்குப் பிரதி வேறுபட்டிருந்தது. அதற்குக் காரணமாக எங்கள் பக்கத்தில் ஒரு கர்ணபரம்பரைச் செய்தி உண்டு. ஐயரும் அதைப் பதிந்திருக்கிறார். உரையாசிரியர் முதலில் எழுதிய உரையை ஜைனப் பெரியவர்கள் ஒப்பவில்லையாம். அவர் சிற்றாமூர் ஜைன மடத்துக்கு வந்து தங்கி, ஜைன நூல்களைக் கற்று, மறுபடியும் முழுக்க எழுதினாராம். சரித்திர ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை. ஆனால் எங்கள் ஊர்க் கிழவர்கள் இதைச் சொல்லும்போது நச்சினார்க்கினியரைக் குறைத்துச் சொல்ல மாட்டார்கள். 'இரண்டாந்தரம் எழுதினார் பார், அதுதான் பெரிய மனுஷன்' என்பார்கள். நம் வீடுகளில் நடப்பது வேறு. பிள்ளை எழுதின முதல் நகலிலேயே எழுத்துப் பிழை பார்த்து, சிவப்பு மையால் அடித்து, சரியான வாக்கியத்தை நாமே மேலே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். இரண்டாம் நகல் எழுத வேண்டிய அவசியமே அவனுக்கு வருவதில்லை.

கணித மேதை ராமானுஜன் அதே கும்பகோணம் கல்லூரியில் 1904-ல் சேர்ந்தவர். ஆங்கிலக் கட்டுரையில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். இதை எல்லாரும் சொல்வார்கள். யாரும் அதிகம் சொல்லாத ஒன்று, அவருக்கு எழுதக் கற்றுக் கொடுத்தது யார் என்பது. 1911-ல் இந்தியக் கணிதவியல் கழகத்தின் இதழில் பெர்னூலி எண்களைப் பற்றி அவருடைய முதல் பெரிய கட்டுரை வந்தது. ஆசிரியராக இருந்தவர் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியின் எம்.டி.நாராயண ஐயங்கார். கட்டுரையில் கணக்கு புதுசு, ஆனால் படிக்கிறவனுக்கு வழி தெரியவில்லை. ஐயங்கார் தாமே திருத்தி அச்சிட்டுவிடவில்லை. விளக்கம் கேட்டு கட்டுரையைத் திருப்பி அனுப்பினார். அது ஒரு தடவைக்கு மேல் போய்ப் போய் வந்தது. கல்லூரி ஃபெயில் போட்டதோடு நிறுத்திக்கொண்டது. இவர் 'இந்த இடம் எனக்கு விளங்கவில்லை' என்று எழுதிக் கேட்டார்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். பவ்பஜார் தெரு 210-ஆம் எண்ணை வியாபார நிமித்தம் எத்தனையோ தரம் கடந்திருக்கிறேன். இப்போது அங்கே இருப்பது கோயங்கா வணிகவியல் கல்லூரி. மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம், ஜாதவ்பூருக்குப் போகும் முன் இருந்த இடம் அது. 1907-ல் நிதித்துறை உத்தியோகத்துக்குக் கல்கத்தா வந்த சி.வி.ராமன், ஆபீசுக்கு முன்னும் பின்னும் அங்கே போய் ஆராய்ச்சி செய்தார். அங்கே உதவியாளராக இருந்த ஆசுதோஷ் தே பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவர். அவர் பெயரும் ராமன் பெயரோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரைகளில் அச்சாயிற்று. என்னைப் போன்றவனுக்கு அந்த ஒரு செய்தி போதும்.

1928 கோடை விடுமுறையில் அந்தக் கூடத்துக்குச் சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து ஓர் இளநிலை மாணவர் வந்தார். 17 வயது எஸ்.சந்திரசேகர். அந்த ஆண்டே அவருடைய முதல் கட்டுரை, இங்கிருந்து வெளிவந்த இந்திய இயற்பியல் இதழில் அச்சாயிற்று. ராமன் அவருக்குச் சொந்தச் சித்தப்பா. எல்லார் வீட்டிலும் ராமன் சித்தப்பாவாக இருக்க முடியாது, உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததில் சித்தப்பாவுக்குப் பங்கில்லை. அதே ஆண்டு ஜெர்மன் அறிஞர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, பையன் அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்ப் பார்த்தான். உங்கள் புத்தகம் படித்திருக்கிறேன் என்றான். அவர், அந்தப் புத்தகத்துக்குப் பிறகு இயற்பியலே மாறிவிட்டது என்று சொல்லி, இன்னும் வெளிவராத தம் கட்டுரையின் அச்சுப் படியைக் கையில் கொடுத்தார். இதுவும் சேலம் முதலியார் கதைதான், கவனித்தீர்களா? தெரிந்ததைக் கேட்டார், போதாது என்றார், படிக்க ஒன்றைக் கொடுத்தார். சில மாதத்துக்குள், 1929 ஜனவரியில், பையன் கேம்பிரிட்ஜ் ஃபவுலருக்குக் கட்டுரை அனுப்பிவிட்டான். அது அவர் மூலமாக ராயல் சொசைட்டி இதழில் வந்தது.

உறவு இல்லாமல் வந்தவர் வேண்டுமென்றால் கே.எஸ்.கிருஷ்ணன் இருக்கிறார். வத்திராயிருப்புக்காரர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் செய்முறை உதவியாளராக இருந்த நாளிலேயே, மத்தியான இடைவேளையில் மாணவர்களைக் கூட்டி வைத்து, யார் வேண்டுமானாலும் எந்தச் சந்தேகம் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று நடத்தினார். பிறகு கல்கத்தா வந்து ராமனோடு சேர்ந்தார். ராமன் விளைவு கண்ட 1928 பிப்ரவரியில் அவர் எழுதிய நாட்குறிப்பு இன்றும் கிடைக்கிறது. எந்தத் தேதியில் என்ன பார்த்தோம் என்று அன்றன்றைக்கு எழுதியது. கடைக்காரனுக்கு இது புதுசில்லை. எங்கள் தொழிலில் பேரேட்டுக்கு முன்னால் நாள்வழி. நாள்வழி இல்லாமல் பேரேடு எழுதினால் வருமான வரிக்காரன் வரும்போது முழிக்க வேண்டும். பிள்ளைகள் அடிக்குறிப்பைக் கண்டு பயப்படுகிறார்கள். நான் அவர்களிடம் அதைக் கொள்முதல் ரசீது என்றுதான் சொல்வது. சரக்கு எங்கே வாங்கினாய் என்று கேட்டால் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

சரக்குக்கு எங்கே போவது என்கிறீர்களா? லேக் மார்க்கெட்டிலிருந்து அலிப்பூர் பெல்வெடியர் எவ்வளவு தூரம்? அங்கே 1953-ல் பொதுமக்களுக்குத் திறந்த தேசிய நூலகத்தில் எஸ்.வையாபுரிப் பிள்ளையின் சொந்த நூல் தொகுதி இருக்கிறது. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் சேர்த்த நூல்கள், தமிழ்நாட்டை விட்டு நம் வாசலுக்கு வந்து கிடக்கின்றன. நம் சங்கத்தில் எத்தனை குடும்பம் அதைப் பார்த்திருக்கும்? பிள்ளையவர்களின் முடிவுகளைச் சண்டைக்கு இழுக்காத தமிழறிஞர் குறைவு. தொல்காப்பியர் ஜைனர் என்பது அவர் கருத்து. எனக்கு அது தேனாக இனிக்கிறது. இனிக்கிறது என்பதாலேயே அவர் காட்டும் சான்றுகளை நான் இரண்டு தடவை எண்ணிப் பார்க்கிறேன். ஒரு தடவை எண்ணினால் நிறைகிறது, மறு தடவை கொஞ்சம் குறைகிறது. இந்த எண்ணிக்கை வேலையை ஒரு கல்லூரிப் பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்து செய்தால் எனக்குச் சந்தோஷம். என் கட்சி தோற்றாலும் பரவாயில்லை.

அந்தப் பெண் இப்போது படிப்பை முடித்து எம்.ஏ. சேர்ந்திருக்கிறாள். போன மாதம் திரும்ப வந்தாள். "தாத்தா, அந்த 78-ஆம் வருஷ நோட்டைக் கொடுங்க" என்றாள். கொடுத்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு, ஜன்னல் ஓரம் தினசரியைப் பிரித்து உட்கார்ந்தேன். மத்தியானம் வரை இருந்தாள். போகும்போது தான் எழுதினதைக் காட்டினாள். தமிழில் நாலே வரி, இரண்டு ஒற்றுப் பிழை. பதினெட்டு நாள் கணக்கு இல்லை என்று முதல் வரி. வெள்ளம் என்று தாத்தா சொல்கிறார், ஆனால் தண்ணீர் பதினெட்டு நாளா நின்றது என்று அடுத்த வரி. மூன்றாவது, கையெழுத்து ஏன் மாறியது என்று எனக்குத் தெரியாது. நாலாவது, தாத்தாவுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

எனக்குத் தெரியாதுதான். நான் கல்கத்தா வந்ததே அதற்குப் பின்னால். சித்தப்பா அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. பூஜை வியாபாரத்துக்கு முந்தின நாட்கள் அவை; சரக்கு வந்து இறங்குகிற சமயத்தில் ஒரு பட்டு வியாபாரி பதினெட்டு நாள் கணக்கு எழுதாமல் இருந்தார் என்றால் சாதாரண விஷயமில்லை என்பது இத்தனை வருஷம் கழித்து, அவள் எழுதிக் காட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒற்றுப் பிழையைத் திருத்தக் கை துறுதுறுத்தது. பேனாவைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். அந்த நாளில் எங்கள் கடையில் மூட்டை சுமந்த பெரியவர் ஒருவர் ஹௌராவில் மகனோடு இருக்கிறார்; காது கேட்காது, ஞாபகம் உண்டு. அவர் முகவரியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, "வங்காளியிலேயே கேளும்மா, கொஞ்சம் சத்தமா கேளு" என்றேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறாள்.